மடியில் கனம்: அமெரிக்கச் சட்டைப்பைத் துப்பாக்கியின் கதை

  பதிவு இன்றைக்குக் கொஞ்சம் நீளம். வேலையை முடித்துவிட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் நம் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் போன வாரம் கேட்டிருந்தான். "டீச்சர், என்கூட வேலை பார்க்கிறவங்க பாதிப் பேர் இடுப்புல பிஸ்டல் வெச்சிருக்காங்க. சட்டைக்குள்ள இருக்கிறதால வெளியே தெரியாது. என்னையும் வாங்கச் சொல்றாங்க. சின்னதா வாங்கவா, பெருசா வாங்கவான்னு கடைக்காரன் கேக்கறான். இந்தப் பழக்கம் எப்பத்திலேருந்து டீச்சர்?" சின்னதா பெரிசா என்று சொல்ல எனக்குத் தெரியாது. சாக்பீஸும் பிரம்பும்தான் நான் பிடித்த ஆயுதம். ஆனால் எப்பத்திலிருந்து என்று கேட்டானே, அதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாகப் போன கதை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று நாம் சொல்வோம். அமெரிக்காவில் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். வழியில் பயம், அதனால் மடியில் கனம்.

ஹென்றி டெரிஞ்சர் என்று ஒரு துப்பாக்கிக் கொல்லர். 1786-ல் பிறந்தவர், பிலடெல்பியாவில் பட்டறை வைத்திருந்தார். அவர் செய்த குட்டிப் பிஸ்டல் உள்ளங்கைக்குள் முக்கால்வாசி மறைந்துவிடும். ஒரே ஒரு குண்டு. அதையும் குழல் வாய் வழியாக மருந்தும் ஈயமும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒன்று போதாது என்று ஜோடியாகவே வாங்குவார்கள். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஜனங்கள் ஓடிய காலம் அது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே ஊரில் குவிந்திருக்கிறார்கள், போலீஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே இந்தப் பிஸ்டல் நன்றாக விற்றது. போலிகளும் கிளம்பின. தன் பெயரைப் பொறித்து விற்ற சான் பிரான்சிஸ்கோ வியாபாரி மேல் டெரிஞ்சர் வழக்குப் போட்டார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வணிகச் சின்னம் பற்றிய ஆரம்பகால வழக்குகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் அவர் பெயர் அவர் கையை விட்டுப் போய்விட்டது. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு ஒரு 'ர்'தான். இன்னொரு 'ர்' சேர்த்து எழுதினால் யார் செய்த குட்டிப் பிஸ்டலையும் குறிக்கும் பொதுச்சொல்.

1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனின் தலைக்குப் பின்னால் வெடித்தது டெரிஞ்சர் பிஸ்டல்தான். நீளம் 6 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாடகத்துக்கு வந்த ஒரு நடிகனின் கோட்டுக்குள் அது இருப்பதை யாரும் பார்க்கவில்லை. ஒரு குண்டுதானே, அதனால் ஜான் வில்க்ஸ் பூத் கூடவே கத்தியும் வைத்திருந்தான். தடுக்க வந்த ராணுவ அதிகாரியைக் கத்தியால் குத்திவிட்டு மேடையில் குதித்தான். அந்தப் பிஸ்டல் இன்றும் அதே அரங்கத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பில் எல்லாருக்கும் தெரியும்படி துப்பாக்கியைத் தொங்கவிட்டு வருகிறவர், கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறவர், இரண்டு பேரில் யாரைப் பார்த்தால் பயம்? நமக்கு முதல் ஆள். இன்றைய அமெரிக்காவிலும் பல பேருக்கு அப்படித்தான். ஆனால் 200 வருஷத்துக்கு முன்னால் அங்கே நேர் எதிர். வெளியே தெரிய வைத்திருப்பவன் மானஸ்தன். ஒளித்து வைத்திருப்பவன் கோழை, கூலிக் கொலைகாரன், சூதாடி என்றுதான் நினைத்தார்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1813-லேயே கென்டக்கி மாநிலம் மறைவாக ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதே வருஷம் லூசியானா. பிறகு இண்டியானா, ஜார்ஜியா, டென்னசி, வர்ஜீனியா, அலபாமா என்று வரிசையாக. பெரும்பாலும் தென்மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்குத் துப்பாக்கி உரிமைக்கு முதலில் கொடி பிடிக்கிற பகுதி அதுதான். கென்டக்கி சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. பிரயாணம் போகிறவன் மறைவாக வைத்துக்கொள்ளலாம். வழியில் பயம் இருக்கும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

அந்தச் சட்டத்தில் மாட்டியவர்களில் பிளிஸ் என்று ஒருவர். அவரிடம் இருந்தது துப்பாக்கி கூட இல்லை, கைத்தடிக்குள் ஒளித்த வாள். 100 டாலர் அபராதம். அவர் மேல்முறையீடு செய்ய, 1822-ல் மாநில நீதிமன்றம் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆயுத உரிமை என்றால் முழு உரிமை, ஒளித்து வைப்பதும் அதில் அடக்கம் என்று தீர்ப்பு. கென்டக்கிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1850-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, மறைவாக வைத்திருப்பதைத் தடை செய்யச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று எழுதிக்கொண்டார்கள். அதே வருஷம் லூசியானா நீதிமன்றம், வெளிப்படையாக ஏந்துவது கண்ணியமான தற்காப்பு, ஒளித்து ஏந்துவது மறைந்திருந்து தாக்குகிற இழிவான வேலை என்கிற பொருள்படத் தீர்ப்பு எழுதியது. வாலி வதையைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்துகிற நமக்கு இந்த வாதம் புதிதில்லை.

ஆனால் தீர்ப்பு ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம். சாமுவேல் கோல்ட் 1836-ல் சுழலும் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய 1849-ஆம் வருஷத்து சட்டைப்பை ரிவால்வர் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் தயாரானது. மூன்று லட்சம் பேர் கோழைகளா என்று யாரும் கேட்கவில்லை.

கௌபாய் படம் பார்த்தவர்கள் இங்கே குறுக்கே வருவீர்கள். எங்கள் காலத்தில் கர்ணன் எடுத்த படங்களில் ஜெய்சங்கர் தொப்பி வைத்து, இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு குதிரையில் வருவார். அதையும் ஹாலிவுட் படங்களையும் பார்த்து, அந்த ஊர்களில் எல்லாரும் எப்போதும் துப்பாக்கியோடுதான் திரிந்தார்கள் என்று நம்பினோம். நிஜத்தில் பல ஊர்களில் எல்லைக்குள் வந்ததும் துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். டாட்ஜ் சிட்டியில் ஊர் முகப்பிலேயே தடை என்று பலகை வைத்திருந்தார்கள். அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊரில் 1881 ஏப்ரலில் ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று விதி. உலகமே அறிந்த ஓகே கொரால் சண்டை அந்த அக்டோபர் 26-ல் நடந்தது. அதற்கு நேர்க் காரணங்களில் ஒன்று, எதிர்க் கோஷ்டி துப்பாக்கியை ஒப்படைக்காமல் ஊருக்குள் நின்றதுதான். மொத்தம் அரை நிமிஷம், மூன்று பேர் சாவு. டெக்சாஸ் மாநிலமோ 1871-லேயே கைத்துப்பாக்கியைக் கூட வைத்துக்கொண்டு திரிவதற்கே தடை போட்டது. அங்கேயும் பிரயாணிக்கு விலக்கு. அந்தத் தடை கிட்டத்தட்ட 125 வருஷம் நீடித்தது. கேள்வி கேட்ட பையனுக்கு இது தெரிந்திருக்காது.

இதுவரை சட்டம் எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் யார் வைத்திருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி 1865-லேயே சட்டம் போட்டது. பிறகு அப்படி வெளிப்படையாக எழுத முடியாமல் போனது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிட்டு, சிலர் மேல் மட்டும் பாய்ச்சினார்கள். ஃப்ளோரிடாவில் 1893-ல் ஒரு லைசென்ஸ் சட்டம் வந்தது. பிறகு அதில் கைத்துப்பாக்கியையும் சேர்த்தார்கள். 1941-ல் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி புஃபோர்டு ஒரு வழக்கில் உள்ளதைப் போட்டு உடைத்தார். இந்தச் சட்டம் கறுப்பினக் கூலிகளிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கப் போட்டது, வெள்ளையருக்கு இது பொருந்தும் என்று யாரும் நினைத்ததே இல்லை என்கிற அர்த்தத்தில் எழுதினார். அதைக் கண்டித்து எழுதினார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஊரறிந்த சங்கதி என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போனார்.

1892-ல் மெம்ஃபிஸ் நகரில் தாமஸ் மாஸ் என்கிற கறுப்பின மளிகைக்கடைக்காரரையும் அவருடைய கூட்டாளிகளையும் கும்பல் கொன்றது. அவர்கள் கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது, எதிர்க் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை, அதுதான் ஆரம்பம். மாஸ் குடும்பத்துக்கு நெருங்கிய சிநேகிதி ஐடா பி. வெல்ஸ். பள்ளி ஆசிரியையாக இருந்து பத்திரிகைக்குப் போனவர். அந்தக் கொலைக்குப் பிறகு அவர் ஒரு பிஸ்டல் வாங்கி வைத்துக்கொண்டார். பாதுகாக்க வேண்டிய ஷெரீஃபின் சிறையிலிருந்துதான் மாஸை இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். அதன் பிறகு ஒரு டீச்சரம்மா கைப்பிஸ்டல் வாங்கியதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இப்போது 1911. இந்த வருஷத்தில் நம் ஊரும் வருகிறது.

அந்த ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் என்கிற நாவலாசிரியரைப் பட்டப்பகலில் ஒருவன் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டான். தன் குடும்பத்தைப் பற்றித்தான் ஃபிலிப்ஸ் கதை எழுதுகிறார் என்று அவனுக்கு ஒரு பிரமை. முந்தின வருஷம்தான் அந்த நகர மேயரையே ஒருவன் சுட்டிருந்தான். டிம் சல்லிவன் என்கிற அரசியல்வாதி மசோதா கொண்டுவந்தார். மறைக்கக்கூடிய அளவுள்ள துப்பாக்கி எதற்கும் லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் இல்லாமல் கொண்டு திரிந்தால் பெருங்குற்றம். மே மாதம் சட்டமாகி, செப்டம்பரில் அமலுக்கு வந்தது. முதலில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் இத்தாலியிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளி. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்குப் பயந்து ரிவால்வர் வைத்திருந்ததாகச் சொன்னார். ஒரு வருஷம் தண்டனை.

இரண்டுக்கும் நடுவில் ஜூன் 17. மணியாச்சி சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டுவிட்டு, ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். உங்களில் பாதிப் பேர் அந்த ஸ்டேஷனில் ரயில் மாறியிருப்பீர்கள். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்கர். யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர், 1855-ல் பிறந்தவர், அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர்தான். அவர் வரைந்ததை பெல்ஜியத்தில் எர்ஸ்டால் ஊர் தொழிற்சாலையும் அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியும் செய்து விற்றன. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டல்தான். அதிலிருந்து முதல் உலகப்போர் கிளம்பியது.

இந்தப் பிரௌனிங்கில் என்ன விசேஷம்? ரிவால்வரில் குண்டுகள் இருக்கும் உருளை இடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். பிரௌனிங் குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கைப்பிடிக்குள் அடுக்கிவிட்டார். துப்பாக்கி சீப்பு டப்பா மாதிரித் தட்டையாகிவிட்டது. இன்னொன்று, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி. அவசரத்தில் உருவும்போது அது சட்டைப்பைத் துணியில் மாட்டும். அதைக் கோல்ட் கம்பெனி 1903-ல் விற்ற மாடலில் உள்ளே மறைத்தார்கள். ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1887-லேயே சுத்தியை மறைத்த ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதில் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கினால்தான் சுடும், பிஞ்சு விரலுக்கு அந்த வலு இருக்காது. ஒரு குழந்தைக்குக் காயம்பட்ட செய்தி கேட்டு முதலாளி வெசன் செய்த ஏற்பாடு என்று ஒரு கதை வழிவழியாக உண்டு. தட்டையாக இருக்க வேண்டும், துணியில் மாட்டக் கூடாது, குழந்தை கையில் வெடிக்கக் கூடாது. இன்றைக்கும் கடைக்காரர் சொல்லும் லட்சணங்களில் பாதி 1911-க்கு முன்னாலேயே எழுதி முடிந்தவை.

நம் நாட்டில் அப்போது இருந்தது லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம். இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகுக்காரர்களுக்கும் விலக்கு உண்டு, அது தனிக் கதை. யாரை நம்பலாம் என்கிற பட்டியலை அமெரிக்காவில் வாய்க்குள் வைத்திருந்தார்கள், இங்கே எழுதியே வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் வேறு சட்டம் வந்தது. தேர்தல் வேலைக்குப் போன டீச்சர்மாருக்குத் தெரியும், தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டூம்ஸ்டோன் விதி மாதிரிதான்.

நியூயார்க் சட்டத்தில் 1913-ல் ஒரு வார்த்தை சேர்ந்தது. தகுந்த காரணம் இருந்தால்தான் மறைத்துக் கொண்டுபோக லைசென்ஸ். காரணம் தகுந்ததா என்று முடிவு செய்வது அதிகாரி. வேறு பல மாநிலங்களிலும் இதே ஏற்பாடு. ஷெரீஃபுக்கு உங்களைப் பிடித்திருந்தால் லைசென்ஸ் கிடைக்கும். இதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், நூறு சொல்ல வேண்டாம்.

1956 ஜனவரி 30. அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் ஒரு பாதிரியார் வீட்டுத் திண்ணையில் வெடிகுண்டு விழுந்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக்கொண்டிருந்த அந்தப் பாதிரியாருக்கு வயது 27. அவர் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. வீட்டிலேயே குண்டு விழுந்தது தகுந்த காரணம் ஆகவில்லை. மனுதாரர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். ஆமாம், அவரேதான். அந்த நாட்களில் அவர் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. விருந்தாளி ஒருவர் நாற்காலியில் உட்காரப் போக, அதில் பிஸ்டல் இருக்கிறது என்று இன்னொருவர் கத்த வேண்டியிருந்தது. காந்தியைப் படித்தவர்கள் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள். அவரும் யோசித்து யோசித்து, துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தார். 1959-ல் இந்தியாவுக்கு வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்து, சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்து வியந்திருக்கிறார். அவர் துப்பாக்கியை விட்டது அவருடைய முடிவு. லைசென்ஸ் மறுத்தது அதிகாரியின் முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பார்த்தாயா மறுத்ததால்தான் அவர் மகாத்மா ஆனார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த திருப்பம் 1987, ஃப்ளோரிடா. மேரியன் ஹேமர் என்கிற பெண்மணி துப்பாக்கிச் சங்கத்துக்காகப் பல வருஷம் பாடுபட்டு ஒரு சட்டம் கொண்டுவரச் செய்தார். குற்றப் பின்னணி இல்லை, பயிற்சி முடித்திருக்கிறார், வயது ஆகியிருக்கிறது என்றால் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும், அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. கொடுக்கலாம் என்பது கொடுக்க வேண்டும் என்று மாறியது. இலக்கண வகுப்பில் வினைமுற்று மாறினால் என்ன என்று கேட்பீர்களே, ஒரு நாடே மாறியது. இந்த மாதிரிச் சட்டம் வேறு சில மாநிலங்களில் முன்பே உண்டு. வெர்மான்ட்டில் 1903 முதல் லைசென்ஸே தேவையில்லை. ஆனால் நாடு முழுக்கப் பரவியது ஃப்ளோரிடாவுக்குப் பிறகுதான்.

டெக்சாஸ் கதை வேதனையானது. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபீஸ் என்கிற உணவகம். ஒருவன் பிக்கப் வண்டியை முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் மோதி உள்ளே நுழைந்து சுட ஆரம்பித்தான். 23 பேர் இறந்தார்கள். சுசானா கிரேஷியா என்கிற பெண் அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்தார். அவரிடம் ரிவால்வர் உண்டு, ஆனால் கைப்பையில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதால் காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். கை பையைத் தேடியது, இல்லை. அப்பாவும் அம்மாவும் கண் முன்னால் போனார்கள். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டமன்றத்துக்கும் தேர்வானார். 1871 தடை 1995-ல் முடிந்தது. அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டவர் யாரும் அசையாமல் இருக்க முடியாது. துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது, அவரும் உறுதி சொல்லவில்லை. ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும் என்றார்.

லைசென்ஸ் பெருகியதும் துப்பாக்கி மறுபடி சிறுத்தது. 1994-ல் மத்திய அரசு புதிய குண்டுக்கூடுகளில் 10-க்கு மேல் கூடாது என்றது. பத்துக்கு மேல் கூடாதென்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று கம்பெனிகள் குட்டித் துப்பாக்கிகளில் இறங்கின. அதோடு உறைகள், பெல்ட்டுகள், கணுக்காலில் கட்டுவது, பெண்களுக்கு ரகசிய ஜிப் வைத்த கைப்பை. கைப்பை என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பை ஜிப்பைத் திறந்தது. மறைவுத் துப்பாக்கிக்கென்றே செய்த பை. அம்மா அங்கேயே இறந்துபோனார். லைசென்ஸ் உண்டு, பயிற்சி உண்டு, எல்லாம் முறைப்படி. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

2013-ல் இல்லினாய் மாநிலமும் வழிக்கு வந்தது, மறைத்துக் கொண்டுபோக வழியே இல்லாத மாநிலம் என்று பிறகு எதுவும் இல்லை. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸே வேண்டாம். டெக்சாஸில் 2021 முதல் அப்படி. 2022 ஜூன் 23-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சல்லிவன் சட்டத்தின் தகுந்த காரணம் என்கிற வார்த்தையையும் ரத்து செய்தது. 6 பேர் ஒரு பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம். தீர்ப்பு முழுக்கச் சரித்திரம். 1328-ல் இங்கிலாந்தில் போட்ட நார்த்தாம்ப்டன் சட்டம்வரை போய்விட்டார்கள். அந்தப் பழைய கோழை, மானஸ்தன் சட்டங்களும் வந்தன. அன்றைக்கு மறைப்பதைத் தடுத்தார்கள் என்றால் வெளியே ஏந்துவதை அனுமதித்தார்கள், இரண்டையும் சேர்த்து அடைக்க முடியாது என்பது பெரும்பான்மையின் வாதம். சரித்திரம் படித்தால் வேலை கிடைக்குமா டீச்சர் என்று கேட்டவர்கள் கவனிக்க. இன்னொன்று. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் துப்பாக்கிச் சங்கம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்காக வாதாடுகிற கறுப்பின வழக்கறிஞர்கள் சிலரும் இருந்தார்கள். லைசென்ஸ் இல்லை என்று சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஜனங்கள்தான் என்றார்கள்.

அதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மினசோட்டா மாநிலம், 2016 ஜூலை 6, இரவு நேரம். பிலாண்டோ காஸ்டீல் என்கிற 32 வயது கறுப்பின இளைஞர் காரில் போகிறார். பக்கத்தில் தோழி, பின் சீட்டில் தோழியின் 4 வயது மகள். போலீஸ் நிறுத்துகிறார், பின் விளக்கு சரியில்லை என்று. சாலையில் அவரை அதற்கு முன் 40 தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறார்கள், பெரும்பாலும் இதுபோன்ற சில்லறைக் காரணங்களுக்கு. அவரிடம் மறைவுத் துப்பாக்கிக்கான லைசென்ஸ் இருந்தது. கிங்குக்கு மறுத்தது இவருக்குக் கிடைத்திருந்தது. அவர் மரியாதையாக, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொல்கிறார். எடுக்காதே என்கிறார் போலீஸ். எடுக்கவில்லை என்கிறார் இவர். சில நொடிகளில் ஏழு குண்டுகள். துப்பாக்கி அவர் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. மறு வருஷம் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தது.

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் நம் பிள்ளைகள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த உறை, எத்தனை குண்டு என்பதைக் கடைக்காரர் சொல்லிக்கொடுப்பார். இருட்டில் சாலையோரம் நம் நிறத்தைப் பார்க்கிறவருக்கு நாம் யாராகத் தெரிவோம் என்பதை அவர் சொல்லமாட்டார்.

காஸ்டீல் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? செயின்ட் பால் நகரில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூட மேற்பார்வையாளர். நம் சத்துணவு அமைப்பாளர் மாதிரி. 2023 வரை அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது, கட்ட முடியாத பிள்ளைகள் பேரில் கடன் ஏறியது. சில சமயம் இவர் தன் பையிலிருந்து கட்டுவாராம். 500 பிள்ளைகளின் பெயர் தெரியும், யாருக்குப் பால் ஆகாது என்றும் தெரியும் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். அவர் இறந்த மறு வருஷம் அவர் பெயரில் வசூல் செய்து, அந்த நகரப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கடனையெல்லாம் அடைத்தார்கள்.